எடைக்கு எடை சாம்பல்!

காஞ்சிபுரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோயில், பட்டுச் சேலை, மிளகும் சுக்கும் தூக்கலா ஒரு கோயில் இட்லி. கரெக்ட்! எங்க ஊருக்கு வர்ற டூரிஸ்ட் வேன் எல்லாம் ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜப் பெருமாள்னு ஒரு ரவுண்டு அடிச்சிட்டு, காந்தி ரோட்டுல நாலு கடை ஏறி இறங்கிட்டுத் திரும்பிடும். நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போற ரூட் கொஞ்சம் வேற. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குழியில ஆரம்பிச்சு, எண்ணூர் கழிமுகத்துல முடியும். நடுவுல ஒரு அனல்மின் நிலையம். ரெடியா? ஏறிக்கோங்க!

எல்லாம் எங்க தாத்தா கேட்ட ஒரு கேள்வியால வந்தது.

நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். எலெக்ட்ரிகல். லீவுல 'இன்பிளான்ட் டிரெயினிங்' போகணும்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போக அனுமதிக் கடிதம் வந்த அன்னிக்கு, பந்தாவா தாத்தாகிட்ட நீட்டினேன். அவர் தறிக்குழிக்குள்ள காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். நாடாவை நிறுத்தாமலே கேட்டார்.

"இன்னாடா அது?"

"கரண்டு எப்படித் தயாராகுதுன்னு பார்க்கப் போறேன் தாத்தா."

"அப்போ ஒண்ணு கேட்டுக்கினு வா. நமக்கு ஃப்ரீயா கரண்டு குடுக்கறாங்களே, யார் குடுக்கறா?"

"இது என்ன கேள்வி? கவர்மென்ட்தான்!"

"கவர்மென்ட்டு காசு குடுக்கும்டா. கரண்டு யார் குடுக்கறா?"

அஞ்சு செமஸ்டர் முடிச்சவன்கிட்ட பதில் இல்லை!

தறி மேல ஒரு லைட்

'கைத்தறிக்கு எதுக்குப்பா கரண்டு?'ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். தாத்தாவோட தறியில மோட்டார் கிடையாது. மிதியை மிதிக்கிறது அவர் கால். நாடாவைத் தள்ளுறது அவர் கை. மேல ஜக்கார்டு பெட்டியில் அட்டை மாறுவதும் அவர் மிதிக்கிற மிதியில்தான். கோர்வைச் சேலைன்னா இன்னும் கஷ்டம். உடல் ஒரு கலர், கரை வேற கலர். ரெண்டும் சேர்ற இடத்துல ஒவ்வொரு இழையும் கைகோக்கணும். அதுக்கு மூணு நாடா, ரெண்டு ஆள். பக்கத்துல கரை நாடா போட இத்தனை வருஷமா எங்க ஆயாதான் உட்கார்றாங்க. ஒரு சேலை முடிய எப்படியும் பதினஞ்சு நாள் ஆகும்.

ஆனா பார்க்கணுமே! முடியை விட மெல்லிசான இழை. ஒண்ணு அறுந்து, கவனிக்காம நாலு விரல் நெய்துட்டா, அது சேலையில கோடா நிக்கும். கூட்டுறவு சங்கத்துல கூலியைப் பிடிச்சிடுவாங்க. எங்க வீடோ ரயில் பெட்டி மாதிரி நீளம். ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னலே கிடையாது. அதனால காலையில 7 மணிக்குத் தறியில இறங்கும்போதே டியூப்லைட்டைப் போட்டுடுவார்.

2012-ல தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு தலைவிரிச்சு ஆடுச்சே, அப்போ நான் சின்னப் பையன். ஆயா இப்பவும் அந்தக் கதையைச் சொல்வாங்க. "ராத்திரி பன்னண்டு மணிக்குக் கரண்டு வந்தா, எழுந்து தறியில உட்காருவோம். ஊரே தூங்கறப்போ எங்க தெருவுல மட்டும் டக்கு டக்குனு சத்தம் கேக்கும்." அந்த வருஷத்துக்கு அப்புறம்தான் எங்க அப்பா தறியை விட்டுட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார். அங்கே ஜெனரேட்டர் இருந்தது!

இன்னொரு விஷயம். இதே கரண்டுதான் தாத்தாவுக்கு வில்லனும்கூட. விசைத்தறி ஓடுவது கரண்டில்தானே? தாத்தா பதினஞ்சு நாள் நெய்வதை, விசைத்தறி வெகு சீக்கிரம் துப்பிவிடும். கரை வைத்த சேலை மாதிரியான சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யணும்னு 1985-லேயே சட்டம் போட்டாங்க. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிடுச்சு. இருந்தும் விசைத்தறிச் சேலை 'காஞ்சிப் பட்டு'ன்னு பேர் மாத்திக்கிட்டு விற்குது.

2023-ல அரசாங்கம் கைத்தறிக்கு இலவச மின்சாரத்தை ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டில் இருந்து 300 ஆக்கியது. அதே சமயம் விசைத்தறிக்கு 750-ல் இருந்து 1,000. "எனக்கும் வெளிச்சம், அவனுக்கும் ஓட்டம்"னு தாத்தா சிரிப்பார்.

மின்சார ரயில்ல மின்சாரத்தைத் தேடி...

காஞ்சிபுரத்தில் இருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயிலில் அதிகாலையிலேயே ஏறிட்டேன். செங்கல்பட்டில் ஒரு டீ குடிச்சு, தாம்பரம் கூட்டத்தில் நசுங்கி, சென்னையில் இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறணும். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம்... ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் காத்தோட வாசனை மாறும். எண்ணூர் தாண்டி ரயில் ஆத்துப் பாலத்துல ஏறும்போது, வலது பக்கம் வாசல்ல நின்னுக்கோங்க. கொசஸ்தலையாறு கடலைத் தேடிப் போற அழகு. அதுக்குப் பின்னாடி சிம்னிகள்.

அடுத்த ஸ்டேஷன், அத்திப்பட்டு புதுநகர். இறங்கியாச்சு!

இந்தப் பக்கத்துக்கு மின்சாரம் தயாரிக்கிறது புதுசு இல்லை. 1970-களின் தொடக்கத்துல எண்ணூர் அனல்மின் நிலையம் வந்துடுச்சு. 450 மெகாவாட். வயசாகி, 2017-ல அதை மூடிட்டாங்க. அதுக்குள்ள கழிமுகத்துக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் வளர்ந்தாச்சு. 1994-ல இருந்து 1996-க்குள்ள 210 மெகாவாட் யூனிட் மூணு. 2013, 2014-ல 600 மெகாவாட் யூனிட் ரெண்டு. 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் ஒண்ணைத் திறந்து வெச்சாங்க.

ஏன் இங்கேயே? பதில் சிம்பிள். குளிர்விக்கக் கடல் தண்ணீர் வேணும். கரி இறக்க ஒரு துறைமுகம் வேணும். வாங்கிக்கப் பக்கத்துல ஒரு பெரிய நகரம் வேணும். மூணும் இங்கே இருக்கு. தமிழ்நாட்டுல நெய்வேலியில பழுப்பு நிலக்கரி உண்டு. ஆனா இந்த பாய்லர்களுக்கு வேண்டிய கரி நம்மகிட்ட இல்லை. அது ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்துல இருந்து ரயிலேறி, பாரதீப் துறைமுகத்துல கப்பலேறி வருது. அந்தக் கப்பலுக்காகவே கட்டியதுதான் எண்ணூர் துறைமுகம். 2001-ல திறந்தாங்க. இப்போ அதன் பேர் காமராஜர் துறைமுகம். கப்பலில் இருந்து கன்வேயர் பெல்ட்டில் ஏறும் கரி, நேரா நிலையத்துக்குள்ள வந்து விழுது.

தீயில இருந்து தறிக்கு

ஹெல்மெட், ஷூ, காதுல பஞ்சு. உள்ளே போனதும் முதல்ல தெரியறது சத்தம். நூறு ஜக்கார்டு தறியை ஒரே ரூம்ல போட்டு ஓட்டினாலும் இது வராது!

எங்களுக்குச் சுத்திக் காட்டிய இன்ஜினீயர் சார், கரியை அப்படியே எரிப்பதில்லைன்னு சொன்னதும் நான் முழிச்சேன். மில்லுல போட்டு முகப் பவுடர் மாதிரி அரைக்கிறாங்க. அந்தப் பவுடரைச் சூடான காத்தோட கலந்து பாய்லருக்குள்ள ஊதுறாங்க. ஒரு சின்ன ஓட்டை வழியா, கறுப்புக் கண்ணாடி வெச்சு உள்ளே எட்டிப் பார்க்க விட்டாங்க. வெறும் வெளிச்சம். நிழலே இல்லாத வெளிச்சம்.

பாய்லர் சுவர் முழுக்கக் குழாய். அதுல ஓடுற தண்ணீர் ஆவியாகி, சுமார் 540 டிகிரி சூட்டில், நம்ம காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 150 மடங்கு அழுத்தத்துல டர்பைன் மேல பாயுது. டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 தடவை சுத்துது. அதோட அச்சிலேயே ஜெனரேட்டர். வேலை முடிஞ்ச ஆவியைக் கடல் தண்ணீர் குளிர வைக்க, அது திரும்பத் தண்ணீராகி பாய்லருக்கே போயிடுது. புது 800 மெகாவாட் யூனிட் 'சூப்பர் கிரிட்டிகல்' ரகம். அந்த அழுத்தத்துல தண்ணீருக்கும் ஆவிக்கும் வித்தியாசமே இல்லாம போயிடும். கொதிக்கிறதுன்னு தனியா ஒரு கட்டம் கிடையாது. அதனால ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆகும் கரி குறையும்.

கன்ட்ரோல் ரூம்தான் எனக்குப் பிடிச்ச இடம். ஏ.சி. ரூம், அமைதி. சுவர்ல ஒரு நம்பர் மட்டும் துடிச்சிக்கிட்டே இருக்கு. 50.01... 49.98... 50.00... அது அலைவெண். டர்பைன் 3,000 தடவை சுத்தறதால வர்ற 50. 2013 டிசம்பர் 31 அன்னிக்குத் தென்மாநில கிரிட்டும் நாட்டோட மத்த கிரிட்டும் ஒண்ணா சேர்ந்த பிறகு, குமரி முதல் காஷ்மீர் வரைக்கும் எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்துல சுத்துது. ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல மோட்டார் போட்டா நம்பர் இறங்கும். உடனே எங்கேயோ ஒரு பாய்லர்ல கூடுதலா கரி விழும்.

"மிதி கனமானா தறி மெதுவாகும், கால்ல பலத்தைக் கூட்டணும். அதானே?" நான் வந்து சொன்னப்போ தாத்தா இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டார். எங்க புரொஃபசர் ஒரு மணி நேரம் எடுத்த கிளாஸ் அது!

ஒரு கணக்கு

கேன்டீன்ல டீ குடிக்கும்போது சார்கிட்ட தாத்தாவோட கேள்வியைச் சொன்னேன். சிரிச்சார். அப்புறம் டிஷ்யூ பேப்பர்ல ஒரு நம்பரை எழுதி என் பக்கம் தள்ளினார். 0.7.

"ஒரு யூனிட் கரண்டுக்கு நம்ம ஊர்க் கரி சுமாரா 0.7 கிலோ எரியும் தம்பி. மீதியை நீயே போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். 210 மெகாவாட் யூனிட் ஒண்ணு முழு வேகத்துல ஓடினா நாளைக்கு 3,500 டன். மூணும் ஓடினா 10,000 டன்னுக்கு மேல. இதெல்லாம் மண்டையில ஏறாத நம்பர். அதனால எங்க வீட்டுக்கு வந்தேன்.

தாத்தாவோட லைட் 20 வாட் எல்.இ.டி. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 15 நாள். மொத்தம் 120 மணி நேரம், 2.4 யூனிட். கரி 1.7 கிலோ. நம்ம நாட்டுக் கரியில மூணுல ஒரு பங்குக்கு மேல சாம்பல். அப்போ சுமாரா 600 கிராம். லைட்டுக்கு மட்டும்தான் இது. ஃபேனைச் சேர்க்கவே இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். சங்கத்துல பட்டு, ஜரிகை எல்லாமே எடை போட்டுத்தான் தருவாங்க. நெய்து முடிச்ச சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவாங்க. போன தடவை தாத்தா கொடுத்த சேலை 650 கிராம்.

ஒரு சேலை நெய்ய, கிட்டத்தட்ட ஒரு சேலை எடைக்குச் சாம்பல்! டிஷ்யூ பேப்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

எல்லா யூனிட்டும் கரியில இருந்து வர்றதில்லை, உண்மை. தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டுக்கு மேல காற்றாலை இருக்கு. சோலார் இருக்கு, கல்பாக்கமும் கூடங்குளமும் இருக்கு. ஆனா ஆடிக்காத்து ஓய்ஞ்ச பிறகு, சூரியனும் இறங்கின நேரத்துல, பெரும்பாலும் கை கொடுப்பது இந்தக் கரிதான். தவிர, கம்பியில வர்ற கரண்டுல 'இது காத்து, இது கரி'ன்னு பேர் எழுதியிருக்காது.

சாம்பல் எங்கே போகுது?

பெரும்பகுதி புகையோட பறக்கும். சிம்னிக்கு முன்னால் உயர்மின்னழுத்தத் தகடுகள் வெச்சு, அதுல 99 சதவிகிதத்துக்கும் மேல பிடிச்சிடறாங்க. காய்ந்த சாம்பல் லாரியில ஏறி சிமென்ட் ஃபேக்டரிக்கும் செங்கல் சூளைக்கும் போகுது. மிச்சம், பாய்லருக்கு அடியில விழும் கனமான சாம்பலையும் சேர்த்து, தண்ணீரில் கரைஞ்சு குழாய் வழியா செப்பாக்கம் பக்கத்துல இருக்கிற சாம்பல் குளத்துக்குப் போகும்.

டிரெயினிங்கோட கடைசி நாள், ரயிலுக்கு நேரம் இருந்ததால கழிமுகத்துப் பக்கம் நடந்தேன். தண்ணீருக்குள்ள இடுப்பளவு நின்னு ஒருத்தர் கையால சேத்தைத் துழாவி இறால் பிடிச்சுக்கிட்டு இருந்தார். அப்பா வயசு. பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, இறால் நிறைய கிடைக்குமா?"

"கிடைச்ச காலம் உண்டு தம்பி. இங்க ஆளு முங்கற ஆழம் இருந்துச்சு. இப்போ பாரு, நின்னுக்கினு இருக்கேன்." கையை வெளியே எடுத்தார். விரலில் கறுப்புச் சேறு இல்லை, சாம்பல் நிறத்துல ஏதோ கூழ் மாதிரி. "குழாய் உடையும்போதெல்லாம் இதான் வரும்."

அவர் சும்மா சொல்லலை. எண்ணூர் மீனவர்கள் பல வருஷமா போராடி, விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. 2022-ல தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழிமுகத்துல சாம்பல் சேர்ந்ததுக்கு மின்வாரியமே பொறுப்புன்னு சொல்லி, சீரமைக்கவும் உத்தரவிட்டுச்சு.

"உங்க ஊரு எது?"ன்னு கேட்டார்.

"காஞ்சிபுரம்ணே. தாத்தா தறி நெய்யறார்."

"அட, பட்டா! என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணு எடுக்கணும்" என்றவர், கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டார். "உங்களுக்குக் கரண்டு ஃப்ரீயாமே?"

"ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்ணே."

"எங்களுக்கு 100." கோபமே இல்லாம சொன்னார். வீடுகள் எல்லாத்துக்கும் உள்ள அதே 100. திரும்பவும் கையைத் தண்ணிக்குள்ள விட்டார்.

ரயில்ல வரும்போது 300-ஐ 0.7 ஆல் பெருக்கினேன். 210 கிலோ கரி. சாம்பல் மட்டும் 75 கிலோ தேறும். எங்க தாத்தா எடையை விட அதிகம்.

கண்ணாடி ஓடு

வீட்டுக்கு வந்ததும் பையில இருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தேன். சார்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்த காய்ந்த சாம்பல், ஒரு சிட்டிகை. தாத்தா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சுத் தேய்ச்சார். பட்டுக்குத் தரம் பார்ப்பாரே, அதே மாதிரி.

"ரொம்ப மெல்லிசா இருக்கேடா."

எல்லாத்தையும் சொன்னேன். ஒடிசா, கப்பல், பாய்லர், 0.7, இறால் பிடிச்ச அண்ணன், அவரோட 100 யூனிட். தாத்தா இடையில ஒரு வார்த்தை பேசலை. ஆயாதான் கேட்டாங்க, "அவரு பொண்ணுக்கு எப்போ கல்யாணமாம்?" அய்யோ... அதைக் கேட்காம வந்துட்டேன்!

தாத்தா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தறிக்கு நேர் மேலே, ஓட்டு வரிசைக்கு நடுவுல ஒரு கண்ணாடி ஓடு இருக்கு. எங்க தாத்தாவோட அப்பா போட்டது. டியூப்லைட் வந்த பிறகு அதை யாரும் கண்டுக்கலை. முப்பது, நாப்பது வருஷத்துப் பாசி, காக்கா எச்சம், புகை. ஓடா கண்ணாடியான்னு தெரியாத அளவுக்குக் கறுத்துக் கிடந்தது.

மறுநாள் காலையில ஏணி வெச்சு ஏறினேன். சோப்புத் தண்ணி, தேங்காய் நார், ரெண்டு மணி நேரம். கீழே இருந்து ஆயா "மெதுவாடா, ஓடு ஒடஞ்சிடப் போவுது"ன்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. கடைசியா ஒரு வாளி தண்ணியை ஊத்தினேன். தறி மேல சதுரமா ஒரு வெயில் விழுந்துச்சு. சேலையோட அரக்குக் கலர் அப்படி இருக்கும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

அன்னிக்குக் காலையில எழும் முன்னாடி ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் லைட் எரிஞ்சது. கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து தாத்தாகிட்ட காட்டினேன். 8 மணி நேரம் 2 மணி நேரமாச்சு. ஒரு சேலைக்கு 600 கிராம் சாம்பல், 150 கிராம் ஆச்சு. இதனால வடசென்னையில ஒரு பாய்லர்கூட அணையப் போறதில்லை. அந்த 50-ங்கிற நம்பருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. மழைக்காலம் வந்தா நாங்களே திரும்பவும் லைட்டைப் போடுவோம்.

தாத்தா நோட்டை ரெண்டு தடவை பார்த்தார்.

"அந்த 150 கிராம்?"

"அதுக்கு வேற வழி கண்டுபிடிக்கணும் தாத்தா."

"பின்ன? அதுக்குத்தானே உன்னைத் தறியில உக்கார வைக்காம படிக்க அனுப்பினேன்" என்றபடி மிதியை மிதித்தார். நாடா ஓடியது.